இடையில் பத்துப் படங்கள்

இந்த அறை கதகதப்பாக இருக்கிறது. எங்கள் ஸ்டூடியோவில் ஏப்ரல் பிறக்கும்வரை கோட்டைக் கழற்ற முடியாது. விரல்நுனியை வெட்டிவிட்ட கையுறையை மாட்டிக்கொண்டுதான் படம் வரைவோம். இப்படி ஒரு ஹீட்டர் இருந்திருந்தால் வருஷத்துக்கு இன்னும் ஒரு கார்ட்டூன் கூடுதலாக எடுத்திருக்கலாம்.

தேநீர் போதும், சர்க்கரை வேண்டாம்.

என் வீட்டார் கொடுத்த வாக்குமூலங்களை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் வாசலில் படுத்திருந்த பெரியவளைத் தாண்டினாள், தடுக்கி விழுந்தாள், தலையில் அடிபட்டது. என் நாத்தனார் ஸைனா மட்டும் இன்னொரு வரி சேர்த்திருக்கிறாள், தாண்டினால் இப்படித்தான் ஆகும் என்று. யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நடுவில் சில படங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அதைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

என் பெயர் ஷைர்கூல். வயது ஐம்பத்தொன்று. பிஷ்கெக்கில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கார்ட்டூன் ஸ்டூடியோவில் இயக்குநர். பற்பசை விளம்பரமும் பள்ளிக்கூடத்துக்கு எழுத்துப் படங்களும் செய்து காலத்தை ஓட்டுகிறோம். வருஷத்துக்கு ஒன்று எங்கள் ஆசைக்காகச் செய்துகொள்வோம். இந்த வருஷத்துப் படம் ஆறு நிமிஷம். கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். எனக்குச் சொல்லும்போதே சிரிப்பு வரும்.

மூன்று சகோதரர்கள், மூன்று பேரும் மக்குகள். மூத்தவனுக்குக் கட்டிவைக்கப் பெண் தூக்கப் போகிறார்கள். ஓட்டைக் கார், ஒரு பக்கம் கதவே இல்லை. முதல் தடவை மூட்டையை அவிழ்த்தால் உள்ளே ஆடு. இரண்டாம் தடவை பெண்ணுடைய அப்பா. மூன்றாம் தடவைதான் பெண் கிடைக்கிறாள். அவள் கடிக்கிறாள், உதைக்கிறாள், கதவில்லாத பக்கமாக உருண்டு விழுந்து குதிரைப்பாலைக் குமிஸாகக் கடையும் தோல்பைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். எப்படியோ வீட்டுக்குள் கொண்டுவந்து மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டைப் போடப் பார்க்கிறார்கள். அவள் வாசலுக்கு ஓடுகிறாள். வாசற்படியில் வீட்டுப் பெரியவள் குறுக்கே படுத்திருக்கிறாள். படுத்திருக்கும் பெரியவளைத் தாண்டிப் போகிறவள் விளங்க மாட்டாள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெண் நிற்கிறாள். அழுகிறாள். அப்புறம் நம் பக்கம் திரும்பிக் கண்ணடித்துச் சிரிக்கிறாள். முக்காடு தானாகப் பறந்து வந்து அவள் தலையில் உட்காருகிறது. படம் முடிந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, வாயால் சொன்னால் பாதிதான் வரும்.

கடைசிக் காட்சி பெர்மெத்தின் வேலை. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைவது எங்கள் வழக்கம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் நான் வரைந்துவிடுவேன். ஒன்றாம் படத்தில் அழுகிற முகம், பன்னிரண்டாம் படத்தில் சிரிக்கிற முகம். நடுவில் பத்து. அந்தப் பத்தையும் போட்டால்தான் ஒரு முகம் இன்னொரு முகமாகும். பெர்மெத் இருபத்துநான்கு வயதுப் பெண். டோக்மோக்கில் அப்பா அம்மா. எங்களிடம் வந்து இரண்டு வருஷம்தான், ஆனால் அவள் கோடு போட்டால் காகிதத்துக்கு உயிர் வரும். கொடுத்த வேலையை நாள் தவறாமல் முடிக்கிறவள். இந்தப் பத்துப் படத்தை மட்டும் மூன்று வாரமாக முடிக்கவில்லை. மேஜைமேல் காகிதம் வெறுமையாகவே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு எல்லோரும் உட்கார்ந்து அதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். ஆடு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வந்த இடத்தில் ஒலிப்பதிவு செய்யும் எசென் நாற்காலியிலிருந்து வழுக்கியே விழுந்தான். பெர்மெத் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைக்கூடக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டதும் சொன்னாள்.

“எஜே, பயந்துபோன பொண்ணப் பாத்து நாம சிரிச்சிட்டு இருக்கோம்.”

எஜே என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், மூத்தவளை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி. ஆனால் அவள் கூப்பிட்டால் கூடப் பிறந்தவள் கூப்பிடுவதுபோல இருக்கும்.

அப்படி ஆரம்பித்த பேச்சு சாயந்தரம்வரை ஓடியது. படம் பெண்களை மட்டமாகக் காட்டுகிறது என்றாள் அவள். நான் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். படத்தில் மக்குகள் யார்? ஆண்கள். அடி வாங்குவது யார்? ஆண்கள். மூளை இருக்கிற ஒரே ஆள் அந்தப் பெண். இது ஆண்களைக் கிண்டல் செய்கிற படம், எடுத்தவளும் ஒரு பெண், இதில் மட்டம் எங்கே வந்தது என்று கேட்டேன்.

“அவ்ளோ மூளை இருக்கறவ கடைசில ஏன் எஜே தோத்துப் போறா?” என்றாள்.

எசென் நடுவில் புகுந்து, கார்ட்டூனில் பூனை தலையில் பாறாங்கல் விழுகிறதே, பூனைக்காக யாராவது அழுகிறார்களா என்று கேட்டான். பெர்மெத் அவன் பக்கம் திரும்பாமலே, “நம்ம ஊர்ல பூனைய யாரும் கார்ல தூக்கிட்டுப் போறதில்ல, எசென் அண்ணே” என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எசெனும் சிரித்தான். என் படத்துக்குச் சிரித்ததைவிட அது கொஞ்சம் பெரிய சிரிப்பு. நான் கவனித்தேன்.

என்னையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும், நான் மறைத்ததே இல்லை. விருந்துகளில் நானே சொல்லிச் சிரிக்க வைப்பேன். தொண்ணூற்றுநான்கில், ஓவியப் பள்ளியில் இரண்டாம் வருஷம். பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கோச்கோர் பக்கம் ஒரு வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். என் கணவரின் அத்தை வாசலில் படுத்தாள். நான் தாண்டவில்லை. மூன்று நாள் அழுதேன், நான்காம் நாள் மாவு பிசைந்தேன். கணவர் நல்ல மனிதர், ஏழு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். ஒரே மகன் தலாய். முப்பத்தைந்து வயதில்தான் நான் மறுபடி பென்சிலைப் பிடித்தேன். அதனால் என்ன, பிடித்தேன் இல்லையா?

இதையெல்லாம் அன்றைக்கும் சொன்னேன். நானே அந்தப் பெண்தான், நானே சிரிக்கிறேன், உனக்கென்ன வந்தது என்று கேட்டேன். பெர்மெத் சண்டைக்கு வரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

“அப்ப நீங்கதான் சொல்லணும் எஜே. அழற மூஞ்சி தெரியுது, சிரிக்கிற மூஞ்சி தெரியுது. நடுவுல உங்களுக்கு என்ன ஆச்சு? அது தெரிஞ்சா வரைஞ்சிருவேன்.”

முப்பது வருஷமாகச் சொல்லிவந்த கதையில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கோபத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

வாசலில் படுத்த அந்த அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது இல்லாமல் மீதி புரியாது. அவள் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி வருஷம் நான்தான் குளிப்பாட்டுவேன். ஒருநாள் முதுகு தேய்த்துக்கொண்டே கேட்டேன், அன்றைக்கு நான் தாண்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவள் யோசிக்கவே இல்லை. “என்ன பண்ணுவேன்? தரை சில்லுனு இருந்துச்சு, இடுப்பு வேற பிடிச்சிருச்சு. நீ சீக்கிரம் தாண்டித் தொலைஞ்சா எந்திரிச்சு டீ குடிக்கலாம்னு இருந்தேன்” என்றாள். சாபம் கீபம் எதுவும் மனசில் இருந்ததா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்கிற அளவுக்குச் சிரித்தோம். இந்தப் படமே அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான். ஆகவே இது சிரிப்புப் படம் இல்லை என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெர்மெத் ஒன்று வரைந்துகொண்டு வந்தாள். அவளாக யோசித்த முடிவு. வெறும் பென்சில் கோடு, வண்ணம்கூட இல்லை, இருபது நொடி. பெண் வாசலுக்கு ஓடி வருகிறாள். பெரியவள் படுத்திருக்கிறாள். பெண் ஒரு கணம் நின்று, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாப் என்று தாண்டி ஓடிவிடுகிறாள். வானத்தில் ஒரு கறுப்பு மேகம் வருகிறது, சாபம். இவள் மேல் கொட்டுவதா வேண்டாமா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, படுத்திருக்கிற பெரியவள் மேலேயே மழையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. பெரியவள் நனைந்த கோழி மாதிரி எழுந்து உட்காருகிறாள்.

எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்தார்கள். எசெனுக்குக் கண்ணில் தண்ணீர். மறுபடி போடு, மறுபடி போடு என்று நான்கு தடவை போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் தாண்டினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. படத்தில் நனைந்த பெரியவளைப் பார்த்து இல்லை, தாண்டாமல் நின்ற ஒருத்தியைப் பார்த்து.

எந்த முடிவை வைப்பது என்று நீங்கள் இருவருமே பேசிக்கொள்ளுங்கள் என்று ஸ்டூடியோ முதலாளி நழுவிவிட்டார். திரைப்பட விழாவுக்கு அனுப்ப இரண்டு வாரம் இருந்தது. பழைய முடிவுதான் என்றால் படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள் பெர்மெத். நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் தொழிலில் அசைவு பிடிபடாவிட்டால் ஆளை வைத்து நடிக்கச் சொல்லிக் கேமராவில் எடுப்போம், அதைப் பார்த்து வரைவோம். கோச்கோரில் என் வீடு இருக்கிறது, அதே வாசற்படி இருக்கிறது, வா, இரண்டு முடிவையும் நடித்துப் பார்ப்போம், எது உடம்புக்குச் சரியாக வருகிறதோ அதை வைப்போம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க மத்தவங்க மாதிரி இல்ல எஜே. வேற யாரா இருந்தாலும் என்னை வேலைய விட்டுத் தூக்கிருப்பாங்க.”

அவளை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதமாகவே தலாய்க்கு அவளைக் கேட்கலாம் என்று மனசில் இருந்தது. அவன் ஸ்டூடியோவுக்கு என்னை அழைத்துப்போக வரும்போதெல்லாம் அவளைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பான். சாதுவான பிள்ளை, தானாகப் போய் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

வீட்டாரிடம் நான் சொன்னது வேறு. பெண்ணுக்குச் சம்மதம்தான், வெட்கப்படுகிறாள், முறைப்படி தூக்கிவர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்றேன். தலாயிடமும் அதைத்தான் சொன்னேன். அவன் காது வரைக்கும் சிவந்துபோனான். ஸைனா ஆடு அறுக்க ஏற்பாடு செய்தாள், மாவைத் துண்டு போட்டுப் போர்சோக் பொரித்து மேஜை நிறையக் கொட்டினாள். என் மைத்துனர் காலையிலேயே பெண்ணின் அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஓர் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு டோக்மோக்குக்குக் கிளம்பிவிட்டார். அதுவும் முறைதான். சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் படித்துக் காட்டிய பிரிவு எண்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் யாரையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவளாக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் காலணிச் சேற்றை வழித்துவிட ஓர் இரும்புத் தகடு உண்டு. கல்படிக்குப் பக்கத்தில் என் கணவர் நிறுத்திப் பதித்தது. பெர்மெத் அதில் காலணியை நன்றாக வழித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நல்ல வளர்ப்பு.

கேமராவை உள்ளே மூலையில், வாசலைப் பார்க்கிற மாதிரி, நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று வைத்து நிறுத்தினோம். அவளேதான் சரிபார்த்தாள். பதினொன்றரை மணிக்கு ஆரம்பித்தோம். ஸைனாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் காரிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைகாலை உதறிக்கொண்டு, “மெதுவாடா, செருப்பு கழண்டுருச்சு” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கேமரா கார்டில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். முதல் பதினெட்டு நிமிஷம் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மணப்பெண்ணுக்கென்று கட்டிய திரைக்குப் பின்னால் உட்காரவைத்து ஸைனா முக்காட்டைப் போட்டாள். பெர்மெத் சிரித்தபடியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சரி, இது நல்லா வந்திருக்கு, கொஞ்சம் தண்ணி கொடுங்க என்றாள். ஸைனா மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தாள். மூன்றாம் தடவை முக்காடு தலையில் விழுந்தபோது அவள் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்தாள். இருபது பேருக்குக் கிண்ணம் வைத்திருந்தது. வாசலுக்கு வெளியே பெண்கள் காலணியைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்தியும் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்து மருமகளே என்றாள். முகம் எப்படி மாறுகிறது என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். முதலில் கண்ணைச் சுற்றியுள்ள தசை நிற்கும். வாய் அதற்கு அப்புறம்தான் நிற்கும். இடையில் ஓர் அரை நொடி வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

“எஜே, போதும். கேமராவ நிறுத்துங்க.”

நான் நிறுத்தவில்லை. கேமரா ஓடுகிறவரைக்கும் அது நடிப்புத்தானே, நிறுத்தினால்தான் வேறு ஏதோ ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. அவள் கைப்பேசியைத் தேடினாள். அது என் கோட்டுப் பையில் இருந்தது. நடிக்கும்போது விழுந்துவிடப் போகிறது, கொடு என்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், எங்கள் பெண்களுக்கு அது பழக்கம். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும், நான் படம் எடுக்க வந்தேன், எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கையால் இன்னொரு கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

தலாய் கதவோரம் நின்றிருந்தான். அவனிடம் போய், “நீயாவது சொல்லேன்” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். “அம்மா, அவ வேணாங்கிறா.”

“அழுதுட்டு அடங்கிருவா. நானும் அழுதேன், உன்னைப் பெக்கலயா?” என்றேன்.

அவன்மேல் தப்பில்லை. கைப்பேசியைக் கொடுத்துவிடுங்கள் என்று என்னைக் கெஞ்சினான். நான் கொடுக்கவில்லை. அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினவனும் அவன்தான். ஆனால் அது பிறகு.

இரண்டேகால் மணிக்கு அவள் முக்காட்டைக் கழற்றி, நான்காக மடித்து, மேஜையில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மெதுவாக வாசலை நோக்கி நடந்தாள். யாரும் பிடிக்கவில்லை, ஏனென்றால் வழக்கப்படி இனிமேல் பெரியவளின் வேலை. அந்த வீட்டில் இப்போது பெரியவள் நான். முந்திப் போய் வாசற்படியில் குறுக்கே படுத்தேன். அத்தை சொன்னது சரி. தரை சில்லென்று இருந்தது.

நல்ல வெயில். அவள் நிழல் என்மேல் விழுந்தது. என் தலைக்கு மேலே நின்றாள், அழுதுகொண்டிருந்தாள். அழுகிற முகம், என்னுடைய ஒன்றாம் படம் அப்படியே. ஒரு சுழிவுகூட மாறவில்லை.

“எந்திரிங்க எஜே. ஏற்கெனவே உங்களுக்கு முட்டி வலி” என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை, தொண்ணூற்றுநான்கிலும் பட்டதில்லை. அன்றைக்கு இங்கே நின்றவள் நான். தாண்டினால் செத்துவிடுவேன் என்று நம்பித்தான் நின்றேன். இப்போது இவள் நிற்க வேண்டும். இவள் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நாளைக்கு அழுவாள், நாளன்றைக்கு மாவு பிசைவாள், இருபது வருஷம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சிரிப்போம். கண்ணைத் திறந்தபோது அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் வரைந்த படத்தில் வருகிற மாதிரியே. வலது கால் என் வயிற்றுக்கு மேலாகப் போய் வெளியே கல்படியில் ஊன்றியது.

ஒன்றும் ஆகவில்லை. மேகம் எதுவும் வரவில்லை. வெளியே யாருடைய மாடோ கத்தியது, அவ்வளவுதான்.

ஸைனா சாபம் என்று சொல்கிறாள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. நீங்களும் தடுக்கி விழுந்தாள் என்று எழுதிக் கோப்பை மூடத் தயாராக இருக்கிறீர்கள். வழக்கத்தில் பெரியவள் படுப்பதோடு சரி, கையை நீட்ட மாட்டாள். கையை நீட்ட வேண்டிய அவசியமில்லை, சாபம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சாபம் என்று ஒன்று கிடையாது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் பிடித்தேன். உள்ளே இருந்த இடது காலை, கணுக்காலில், இரண்டு கையாலும். பிடித்து இழுத்தேன். அவள் கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் பக்கவாட்டில் விழுந்தாள். இரும்புத் தகடு நெற்றிப்பொட்டில் இறங்கியது. பிஷ்கெக்குக்குக் கொண்டுபோகிற வழியில், கணவாய் முடிவதற்குள், தலாயின் மடியில் உயிர் போயிற்று.

நான் வண்டியில் ஏறவில்லை. எல்லோரும் ஓடின பிறகு எழுந்து உட்கார்ந்தேன். மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். ஸ்டூடியோவில்தான். நான்கு நாள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தப் பத்துப் படத்தையும் வரைந்தேன். புதன்கிழமை படத்தை விழாவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் பெயரை எடுக்கவில்லை. கடைசிக் காட்சி அவளுடையது என்றே போட்டிருக்கிறேன், உண்மையும் அதுதான்.

கார்டு இதோ, உங்கள் மேஜைமேல் வைக்கிறேன். மூலையில் தெரிகிற கடிகாரம் இரண்டு மணி பதினேழு நிமிஷம் காட்டுகிற இடத்தைப் போட்டு, ஒவ்வொரு படமாக நிறுத்திப் பாருங்கள். என் கை தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கை நீள்வதற்கு ஒரு நொடி முன்னால் பாருங்கள். கால் வெளியே ஊன்றியதும் அவள் திரும்பிப் பார்க்கிறாள், முகம் நேராகக் கேமராவுக்கு. கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்கிறது. ஆறாவது படத்தில் உதட்டோரம் மேலே போகிறது. எட்டாவதில் கண் சுருங்குகிறது. பன்னிரண்டாவதில் முழுசாகச் சிரிக்கிறாள். அழுகையிலிருந்து சிரிப்புக்குச் சரியாக ஒரு நொடி. முடியாது, முடியாது என்று மூன்று வாரம் என்னோடு சண்டை போட்டாளே, அவள் முகத்திலேயே அது வந்தது. நான் ஒன்றையும் இட்டுக்கட்டவில்லை, கோட்டுக்குக் கோடு அப்படியே எடுத்திருக்கிறேன். படம் சிரிப்புப் படம்தான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரே ஒரு திருத்தம்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் நின்ற இடத்தை மட்டும் வாசற்படிக்கு ஓர் அடி உள்ளே தள்ளி வரைந்திருக்கிறேன்.